வெந்நீர் படாத கோட்டு

எங்கள் தொழிலில் ஒரு திருட்டு உண்டு. சலவைக்கு வந்த துணியை ஒரு நாள் உடுத்திவிட்டு, அப்புறம் துவைத்து மடித்து, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது. என் நாத்தனார் ஒரு கல்யாணத்துக்காவது சொந்தச் சேலையில் போனவள் இல்லை. நான் மட்டும் பதினான்கு வருஷமாக அந்தப் பக்கம் போகவில்லை. பதினொரு வீட்டுத் துணி என்னிடம் வரும். வீட்டுக்கு ஒரு நிற நூலால் உள்மடிப்பில் அடையாளத் தையல் போடுவேன். ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனது கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

"பெரிய உத்தமிதான் போ! போகும்போது கட்டிக்கிட்டா போகப்போற அந்த நேர்மைய?" என்பாள் நாத்தனார்.

"நீ போகும்போது கட்டியிருக்கிற சேலையாவது உன்னுதா இருக்குமான்னு பாரு" என்பேன். இருவரும் சிரிப்போம்.

என் மகளுக்கு ஏழு வயது. வாயாடி என்றுதான் தெருவே கூப்பிட்டது. தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். அவள் அப்பா போன பிறகு அந்த ஒற்றை அறையில் எனக்குப் பேச்சுத்துணை அவள்தான். "கொஞ்சம் வாய மூடுடி, காது புளிச்சுப்போச்சு" என்று நாளைக்குப் பத்துத் தரம் சொல்லியிருப்பேன். அட பாவி, அதை ஏன் சொன்னேன்!

பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பிள்ளைகளைப் போட்டோ பிடிக்கப்போகிறார்கள் என்றார்கள். அதற்கு முந்தின நாள் ரொட்டிக்கடை வீட்டிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டு வந்தது. பச்சை நூல் வீடு. அவர்கள் பையனுடையது, அளவெடுத்த மாதிரி என் மகளுக்குப் பொருந்தும். கம்பளியை வெள்ளாவியில் வைக்கமாட்டோம். வெந்நீர் பட்டால் சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிடும். தூசி தட்டி, பிரஷ் போட்டு, மேலே ஈரத்துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியை லேசாக ஓட்டினால் வேலை முடிந்தது.

"அம்மா, ஒரே ஒரு நாள்மா. பொத்தானக்கூடத் தொடமாட்டேன்."

"முடியாது. உங்க அத்தை புத்தி உனக்கும் வருதா?"

"எல்லாரும் நல்லதா போட்டுக்கிட்டு வருவாங்கம்மா. நான் மட்டும் கிழிசலோட நிக்கணுமா?"

கேட்ட கேள்வியில் என்ன தப்பு? காலையில் நானே மாட்டிவிட்டேன். தட்டிக்கூடப் பார்க்கவில்லை. எப்படியும் சாயங்காலம் தட்டிப் பிரஷ் போடத்தானே போகிறோம், ஒரே வேலையை எதற்கு இரண்டு தரம் செய்வது என்று நினைத்தேன். சலவைக்காரிக்குத்தான் அப்படி நினைக்கத் தோன்றும்.

நான்காம் நாள் தொண்டை வலி என்றாள். குளிர்ந்த தண்ணீர் குடித்திருப்பாள் என்று திட்டினேன். ஆறாம் நாள் குரல் போய்விட்டது. என் வாயாடிக்கு! டாக்டர் கரண்டிக்காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தொண்டை அடைப்பான். ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா ஊசி கேட்டிருக்கும். இனிமே கஷ்டம்தான். உங்க பக்கத்துல யார் வீட்டுலயாவது மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கா?"

இந்தத் தொற்றுநோய் வந்தால் நகரசபைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கதவில் மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். ஒட்டினால் அந்த வீட்டுக் கடை நடக்காது. துணியை நாங்கள் தனியாக எடுத்து வேகவைப்போம். நான் போகிற எந்தக் கதவிலும் சீட்டு இல்லை. மறுநாள் காலையில் அவள் போய்விட்டாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்து அசைத்து ஏதோ சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ரொட்டிக்கடைக்காரர் மனைவி துக்கம் விசாரிக்க வந்தார். கையில் ஒரு ரொட்டி. கூடவே கழுத்தில் துணி சுற்றிய பையன்.

"மனச விட்றாத. நம்ம கையில என்ன இருக்கு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பையன் அறையைச் சுற்றிப் பார்த்தான். "வாயாடி செத்துட்டாளா? எனக்கும்தான் தொண்டை அடைச்சுது. ஊசி போட்டு..."

அவன் வாயைத் தாயின் கை பொத்தியது. பையன் குரல் தகரத்தைச் சுரண்டின மாதிரி இருந்தது.

"சும்மா சளி" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "அந்தச் சிவப்புக் கோட்டு தயாரா? இவனுக்குச் சின்னதாயிடுச்சு. என் தம்பி பொண்ணுக்குக் கொடுத்தனுப்பணும்."

மகள் படுத்ததில் கொண்டுபோய்க் கொடுக்காமலே போன கோட்டு அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. அப்படியானால் இவனுக்கும் அதே நோய்தான். சீட்டு ஒட்டினால் அடுப்பு அணையும் என்று மறைத்திருக்கிறார்கள். கேட்கலாம். கேட்டால், "உன் மகளுக்கு எப்படி வந்தது?" என்று திருப்பிக் கேட்பார். பதினொரு வீடும் போய்விடும். கேட்காமல் கோட்டைக் கொடுத்தால் இன்னொரு பெண் குழந்தை அதை மாட்டிக்கொள்ளும்.

"நாளைக்குக் கொண்டு வரேம்மா" என்றேன்.

அவர்கள் போனதும் அண்டாவில் தண்ணீர் ஏற்றினேன். தளதளவென்று கொதித்ததும் கோட்டை உள்ளே போட்டு, கழியால் அழுத்திக்கொண்டு நின்றேன். பதினான்கு வருஷத்தில் நான் கெடுத்த ஒரே துணி அது.

மறுநாள் ரொட்டிக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கோட்டைப் பலகைமேல் வைத்தேன். கைக்குழந்தைக்குக்கூடப் பத்தாது.

"கம்பளிய வெந்நீர்ல போட்டியா? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றார் கடைக்காரர் மனைவி.

"என் மக இதத்தான் போட்டிருந்தா. நான்தான் போட்டுவிட்டேன். திருட்டுத்தனந்தான், நான் பண்ணினது தப்புத்தான். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருக்கமாட்டேனே அம்மா! ஒரே ஒரு வார்த்தை!"

வரிசையில் ஒருவர் வாங்கின ரொட்டியைப் பலகைமேல் திரும்ப வைத்தார். சாயங்காலத்துக்குள் அந்தக் கதவில் மஞ்சள் சீட்டு ஏறியது. அந்த வாரத்துக்குள் பதினொரு வீடும் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு மாதம் கழித்து, என் மகளோடு படித்த எதிர்வீட்டுப் பெண் போட்டோவைக் கொண்டுவந்தாள். எல்லாப் பிள்ளைகளும் கல் மாதிரி நிற்கிறார்கள். என் மகளுக்கு மட்டும் வாய் இருக்கிற இடம் கலங்கலாக விழுந்திருக்கிறது.

"அசையாதீங்கன்னு சொன்னாங்க அத்தை. அப்பவும் இவ பேசிக்கிட்டே இருந்தா."

"என்னடி பேசினா?"

"இந்தக் கோட்டு எங்கம்மா எனக்குன்னே வாங்கித் தந்ததுன்னு சொன்னா."