மூன்றாம் ஓலை

எங்கள் ராயபுரம் கோயிலில் ஓலை வாசிக்கும்போது யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. பூசை முடியப்போகும் நேரம். பாதிப் பேருக்குக் கண் செருப்பு மேல் இருக்கும். வழக்கமாக அது கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்பு. ஆனால் அந்த ஞாயிறு பங்குச்சாமியார் வாசித்தது கல்யாண ஓலை இல்லை.

"நமது பங்கைச் சேர்ந்த வியாகுலம்மாளின் மகன் நோயல், அடுத்த மாதம் திருத்தொண்டர் பட்டம் பெறவிருக்கிறார். இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதலாம் ஓலை."

கோயிலே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தத் தடை நான்தான்.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பேர் பெர்க்மான்ஸ். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் வெல்டர். நானும் நோயலும் காதலித்தோம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், முழுசாக இரண்டு வருஷம். சாயங்காலம் திருவொற்றியூர் கடலோரப் பாறைகளில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். எங்கள் பக்கம் இரண்டு ஆம்பளைகள் தோளில் கைபோட்டுப் போனால் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊர் எங்களுக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான். அப்புறம் ஒருநாள் "நான் சாமியாராப் போறேன்டா" என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் பாக்கெட் கிழிந்தது. கிழிந்த சட்டையோடு வீட்டுக்குப் போனான், அடுத்த மாதம் குருமடத்துக்குப் போனான்.

குருப்பட்டத்துக்கு முந்தின படி இந்தத் திருத்தொண்டர் பட்டம். கடைசிவரை கல்யாணம் இல்லாமல் இருப்பேன் என்று ஆயர் முன்னால் வாக்குக் கொடுப்பது இதில்தான். எங்களைப் போன்றவர்களைக் குருமடத்தில் சேர்க்கக் கூடாது என்று ரோமாபுரியில் எழுதிவைத்திருப்பதையும் நான் ஃபோனில் தேடிப் படித்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் எனக்கு வேண்டும். நான் ஒன்றும் புனிதர் இல்லை.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்ததும் நேரே சாமியார் பங்களாவுக்குப் போனேன். சாமியார் அங்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "என்னப்பா பெர்க்மான்ஸ்?" என்றார். வாய் வரைக்கும் வந்தது. "கோயில் கேட்டு கீல் ஆடுது ஃபாதர், வெல்டிங் வெச்சிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

சொன்ன பாவத்துக்குச் சனிக்கிழமை மிஷினைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு நிழல் வந்து நின்றது. நோயல். மூன்றாம் ஓலைக்காக லீவில் வந்திருந்தான். இளைத்திருந்தான். காதோரம் நரை வேறு.

"இந்தக் கேட்டு நல்லாத்தானே கீது?" என்றான்.

"ஒன் வேலையப் பாத்துகினு போ."

போகவில்லை. வெள்ளை அங்கி மண்ணில் படப் பக்கத்தில் உட்கார்ந்தான். "அம்மா சொல்லிச்சு, நீ சாமியார் பங்களாக்குப் போனேன்னு. இன்னாத்துக்குப் போனேன்னு எனக்குத் தெரியும்டா."

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டேன். "சொன்னா இன்னா பண்ணுவே?"

"வூட்டுக்கு வந்துருவேன். நான் இப்டின்னு குருமடத்து ரெக்டராண்ட சொல்லிட்டேன். போன வருஷம் ஆறு மாசம் வெளிய அனுப்பி, இப்டி வாழ முடியுமான்னு யோசிச்சிட்டு வான்னாரு. முடியும்னுதான் திரும்பிப் போனேன். ஒன் பேரக் கேட்டாரு, சொல்லல. நீ பேரு சொல்லிகினு போய் நின்னா, அவரால கூட ஒன்னியும் பண்ண முடியாது. நிறுத்திருவாங்க."

ஆறு மாதம் வெளியே இருந்திருக்கிறான். என் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வாட்டி வந்து பாக்கணும்னு தோணலல்ல? மறந்துட்டேல்ல?"

"வந்திருந்தா திரும்பிப் போயிருக்க மாட்டேன்டா."

அவன் தரையில் கிடந்த வெல்டிங் ராடு ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். "தியானத்துல எங்க செட்டு எல்லாரையும் கேட்டாங்க, கடவுளுக்கு இன்னாத்தக் குடுக்கிறேன்னு. எல்லாரும் பொஞ்சாதி, புள்ளைங்கன்னு எழுதினாங்க. எனக்கு அந்த ஆசையே கெடையாது. இல்லாதத எப்டிக் குடுக்கிறது? என்னாண்ட இருந்தது நீ ஒருத்தன்தான். உன்னத்தான் எழுதினேன்."

நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. வெல்டர்களுக்கு அது ஒரு வசதி.

"என்னக் கேக்காமயே குடுத்துட்டியாடா?" என்றேன்.

ராடைக் கீழே வைத்தான். பிறகு, "அது தப்புதான்," என்றான். "அதான் இப்ப கேக்க வந்தேன்." எழுந்து, அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே உள்ளே போனான்.

மறுநாள் மூன்றாம் ஓலை. வியாகுலம்மாள் கூறைப் பட்டுபோல் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காசிமேட்டில் மீன் விற்று ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். "பேரப் புள்ள இல்லாமப் போச்சேன்னு ராவெல்லாம் அழுதேன் நைனா, இப்ப சந்தோசமாத்தான் கீது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓலை வாசித்து முடியும்வரை விடவில்லை. நோயல் பீடத்துக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்திருப்பான். அவனை எனக்குத் தெரியாதா?

பூசை முடிந்ததும் சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

"நோயல் விஷயமா ஒண்ணு சொல்லணும் ஃபாதர்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சொல்லு."

"அவன எனக்கு நல்லாத் தெரியும் ஃபாதர், அவங்க அம்மாக்குத் தெரியறத விட. அவனுக்குத் தடை எதுவும் இல்ல."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லையே பெர்க்மான்ஸ். தடை இருந்தாத்தானே சொல்லணும்?"

"அவன் கேட்டான் ஃபாதர்," என்றேன். "குடுத்துட்டேன்."