ஒன்பது நாள் பிந்திய தெரு

மூக்குக்கண்ணாடிக் கடை இருந்த தெரு, புதன்கிழமைதோறும் மாலை நான்கே கால் மணியளவில் சிறிது நேரம் நின்றுபோகும். குழாயிலிருந்து விழும் நீர் வாளியைத் தொடாமல் கயிறுபோலத் தொங்கும். மிதிவண்டியில் போகிறவர் சாயாமல் நிற்பார். கொடியில் காயும் துணி காற்றில் எப்படி உப்பியிருந்ததோ அப்படியே இருக்கும். பிறகு எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும். நின்றவர்களுக்குத் தாம் நின்றது தெரியாது. கடிகாரங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்: அடுத்த தெருக் கடிகாரங்களைவிட இந்தத் தெருக் கடிகாரங்கள் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி பின்தங்கின. முதல் ஆண்டு கடிகாரம் பழுதுபார்ப்பவரைத் திட்டினார்கள். இரண்டாம் ஆண்டு பழகிக்கொண்டார்கள்.

காரணம், கண்ணாடிக் கடையின் பின்னறையில் நடந்த வேதபாட வகுப்பு. விவிலியத்திலுள்ள சங்கீதங்கள் என்னும் துதிப்பாடல்களை மட்டும், வாரம் ஒன்றாக, ஆளுக்கொரு வரி முறைவைத்து வாசித்துப் படிப்பது என்று ஏற்பாடு. நடத்தியவர் நாற்பது ஆண்டு அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். வாசிப்பவர்கள் அரைப்புள்ளியை மிதித்துக்கொண்டு ஓடுவதைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சங்கீதக்காரன் ஒன்றைச் சொல்லி, உடனே அதையே வேறு சொற்களில் மறுபடி சொல்கிறானே, அது சோம்பலா, சொற்பஞ்சமா என்று கேட்டு, முதற்பாதி கதவைத் தட்டுகிறது, இரண்டாம் பாதி உள்ளே நுழைகிறது என்று அவரே விடையும் சொல்லுவார். அவருடைய கோபமெல்லாம் ‘சேலா’ என்னும் சொல்லைப் பற்றியது. வரிகளுக்கிடையே ஆங்காங்கே அச்சாகியிருக்கும் அச்சொல்லின் பொருள் எவருக்கும் தெரியாது. பாதிப்பேர் அதை விழுங்கினார்கள். மீதிப்பேர் யாரோ ஒரு பெண்ணின் பெயரைப்போல உரக்கக் கூப்பிட்டார்கள்.

"பொருளே தெரியலன்னா தாண்டிப் போயிடலாமே சார்" என்றார் வகுப்புக்கு வந்திருந்த ரொட்டிக்கடைக்காரர்.

"அச்சுல இருக்கறதத் தாண்டறதுக்கு நீங்க யாரு, நான் யாரு? வாசிக்கவும் வேணாம், விடவும் வேணாம். அது இருக்கிற இடத்துல நாமளும் கொஞ்சம் இருப்போம்."

அவ்வாறே அந்த இடம் வந்ததும் மௌனமாக இருந்தார்கள். தெரு முதன்முதலில் நின்றது அன்றுதான். அந்த மௌனத்தில் வகுப்பினர் மட்டும் எழலாம், நடக்கலாம். குரல் மட்டும் வராது. அடுத்த வரி யாருடைய முறையோ அவர் வாயைத் திறந்தால்தான் தெரு நகரும். ஒருமுறை ரொட்டிக்கடைக்காரர் தம் முறை வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் காணாமல் இருபது நிமிடம் அறையெங்கும் தேடி, நெற்றியில் கண்டெடுத்தார். தெருக்கோடியில் அவர் அடுப்பிலிருந்த ரொட்டிகள் துளியும் கருகவில்லை. அதன்பின் புதன்கிழமைகளில் அவர் அடுப்பைப்பற்றிக் கவலைப்பட்டதில்லை.

கடை நடத்தியவளும் வகுப்பில் இருந்தாள்; முப்பது ஆண்டாகக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவள். அவளைவிடப் பதினான்கு வயது மூத்த அக்காள்தான் தாயில்லாத அவளை வளர்த்து, தேய்ப்புக்கல்லின் முன் உட்காரவைத்தவள். அக்காள் எலும்பில் நோய் கண்டு, பின்னறைக்கு அடுத்த அறையில் படுக்கையாகிவிட்டாள். கதவைத் திறந்துவைக்கச் சொல்லி, நெஞ்சின்மேல் புத்தகத்தை விரித்துக்கொண்டு அவளும் வகுப்பில் சேர்ந்தாள். மௌனம் விழும்போதெல்லாம் வலி நின்றுவிடுவதை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாசல்லயே நிக்குது சார் வலி, உள்ள வர மாட்டேங்குது. அடுத்த வாரம் சேலா நெறைய இருக்கறதாப் பார்த்து எடுங்க."

"வரிசைப்படிதான் போகணும்மா" என்றார் பிழைதிருத்துநர் கண்டிப்பாக. அடுத்த வாரம் வரிசையில் வந்ததென்று சொல்லி, மூன்று சேலா உள்ள சங்கீதம் ஒன்றை எடுத்தார். அது வரிசையில் வரவில்லை என்பதை யாரும் திருத்தவில்லை.

இப்படி மூன்று ஆண்டு போயிற்று. ஒரு புதன்கிழமை காலை வந்து பார்த்த மருத்துவர் அம்மாள், இன்று தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போனாள். வகுப்பை நிறுத்திவிடலாம் என்றாள் தங்கை. அக்காள் கண்ணைத் திறவாமலே, "ஏன், அவங்களுக்கெல்லாம் வேற வேலையா இருக்கு?" என்றாள். வகுப்பு நடந்தது; தங்கையைத் தவிர அன்று வந்தவர்கள் பிழைதிருத்துநரும் ரொட்டிக்கடைக்காரரும் மட்டுந்தான். பகைவர் சூழக் கிடப்பவன் மேல்நோக்கிக் கூப்பிடும் சங்கீதம். சேலா வந்தது, தெரு நின்றது. அன்று முதன்முறையாக அக்காளும் தெருவோடு நின்றாள். மூச்சு வெளியே போயிருந்தது. உள்ளே இன்னும் வரவில்லை. அடுத்த வரி தங்கையின் முறை. அவள் வாசிக்கவில்லை.

வாசித்தால் அந்த மூச்சு திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வாசிக்காதவரை அக்காள் போகவில்லை. இதை மற்ற இருவரும் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரர், நீங்களே வாசித்துவிடுங்கள் என்று பிழைதிருத்துநருக்குக் கையால் சாடை காட்டினார். அவர் புத்தகத்தில் அவளுடைய வரியைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் அப்படி இருந்தது. ஊர் மட்டும் நகர்ந்தது. தெருமுனைக்கு வந்தவர்களுக்கு அதற்குமேல் உள்ளே கால் எழவில்லை. தபால்காரி கடிதங்களை முனையிலேயே அடுக்கிவைத்தாள். பகலும் இரவும் மேலே மாறி மாறிச் சென்றன. தெருவில் விழுந்திருந்த நிழல்கள் நான்கே கால் மணியில் விழுந்தபடியே கிடந்தன. பார்க்க வந்த கூட்டம் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டது. உள்ளே மூவரும் ஆறாத ரொட்டியைத் தின்று உயிர்வாழ்ந்தார்கள். தங்கை அக்காளின் தலையைச் சீவினாள், கால் நகம் வெட்டினாள், பாதங்களைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

ஐந்தாம் நாள் மழை வந்தது. ஊரெங்கும் பெய்த மழை, அந்தத் தெருவுக்குள் மட்டும் கூரை உயரத்துக்கு இறங்கி அப்படியே நின்றது. அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். கோடிக்கணக்கான துளிகள்; ஒவ்வொன்றும் ஒரு வில்லை; ஒவ்வொன்றிலும் தலைகீழாய் அந்தத் தெரு முழுவதும், கடைப்பலகையின் எழுத்துவரை, துல்லியமாகத் தெரிந்தது. முப்பது ஆண்டில் அவள் தேய்த்த எந்த வில்லையிலும் இத்தகைய தெளிவு இருந்ததில்லை. அதுவரை வார்த்தையாகவே வாசித்த துதி மனிதரை அண்ணாந்து நிற்கவைக்கும் என்று அப்போதுதான் கண்டாள். கழுத்து மரத்துப்போகும்வரை நின்றுகொண்டிருந்தாள். அவற்றில் ஒரு துளியும் கீழே வரவில்லை. கீழே குழாயடியில் ஒரு வாளி காலியாகவே இருந்தது.

ஒன்பதாம் நாள் அக்காளின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தூசி போயிற்றா என்று பார்ப்பதற்காக, தொழில் வழக்கப்படி, அதை அக்காளின் நெஞ்சின்மேல் விரிந்திருந்த புத்தகத்தின்மேல் பிடித்தாள். வில்லைக்குள் அக்காளின் விரல் பெரிதாகத் தெரிந்தது. அது சேலாவில் நிற்கவில்லை. அதைக் கடந்து, அடுத்த வரியின் முதற்சொல்லாகிய ‘ஆனாலும்’ என்பதன்கீழ் நகம் பதிய ஊன்றியிருந்தது. மூச்சு விட்ட கையோடு, ஒன்பது நாளாக அக்காள் அந்த இடத்தில் காத்திருந்தாள்.

தங்கை கண்ணாடியை அக்காளுக்குப் போட்டுவிட்டு, நாற்காலியில் அமர்ந்து, வாசித்தாள். ஒன்பது நாள் பேசாத குரல் கரகரத்தது. தெருவின்மேல் நின்ற மழை முழுவதும் ஒரே வீச்சில் இறங்கியது. அக்காள் மூச்சை உள்ளே இழுத்தாள். தங்கை தன் வரியோடு நிறுத்தவில்லை; தன் முறை, பிறர் முறை என்று பாராமல் துதியின் கடைசிச் சொல்வரை வாசித்துத் தீர்த்தாள். பிழைதிருத்துநர் தடுக்கவில்லை.

"நல்லாத்தான் வாசிக்கறே" என்றாள் அக்காள். "அரைப்புள்ளியிலதான் நிக்க மாட்டேங்கறே." பிறகு "ஆமென்" என்றாள். அந்தச் சொல்லோடு வெளியே போன மூச்சு அப்படியே போயிற்று.

தெரு தன் நாட்காட்டியைத் திருத்திக்கொள்ளவில்லை. இன்றும் அங்கே தேதி ஊருக்கு ஒன்பது நாள் பிந்தியே நடக்கிறது. புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இறப்பைப் பதிந்த அலுவலகம் ஊரின் தேதியை எழுதிற்று. கல்லறைக் கல்லில் தங்கை தெருவின் தேதியைப் பொறிக்கச் சொன்னாள். பிழைதிருத்துநர் ஒரு கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு கல்லின்முன் நெடுநேரம் நின்றார். இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிழை ஏதுமில்லை என்றார்.