பாதியில் விட்ட படங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஒரு வாத்தியாரின் உடைந்த கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. 'உங்கள் சந்தா தானாகவே புதுப்பிக்கப்பட்டது. மகிழ்ந்து பாருங்கள்.' திருகாணி கையிலிருந்து நழுவி எங்கோ ஓடிவிட்டது. அரிசியில் பாதி இருக்கும் அது. கீழே விழுந்தால் கடவுளே இறங்கி வந்து தேடினாலும் கிடைக்காது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போன மாதமும் இதே செய்தி, அதற்கு முந்தைய மாதமும் இதே செய்தி. அப்பாவின் வங்கிக் கணக்கில் என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம். அவர் கணக்கிலிருந்து எது போனாலும் முதலில் அதிர்வது என் பைதான்.

அது வீட்டிலிருந்தபடியே டிவியில் படம் பார்க்கிற ஒரு சேவை. நான்கு வருடங்களுக்கு முன் அம்மா படுத்த படுக்கையானபோது, அவள் பொழுது போகட்டும் என்று தம்பி போட்டுக் கொடுத்தது. அம்மாவும் விடாமல் பார்த்தாள். ஊசி போட வந்த நர்ஸுக்கும், மாடியில் குடியிருந்த புதுமணத் தம்பதிக்கும் 'நீங்களும் பாருங்கம்மா' என்று கடவுச்சொல்லை வாரி வழங்கினாள். பிறகு அம்மா போய்விட்டாள். மூன்றாம் நாள் தம்பியும் வீட்டை விட்டுப் போனான். அம்மா கண்ணை மூடிய அன்று ஆஸ்பத்திரிக்கு அவன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்துவிட்டான், அவ்வளவுதான். வேலையிலிருந்து விடுவிக்க ஆள் வரவில்லை என்று சொன்னான். அப்பா காதில் வாங்கவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவன் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். எண்ணை மாற்றினான். எந்த ஊரில் இருக்கிறான், என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா, ஒன்றும் தெரியாது. பிறந்தபோது சுண்டுவிரல் கனத்தில் இருந்தான் என்று நாங்கள் சுண்டு என்று கூப்பிடுவோம். அந்தப் பெயரை நான்கு வருடமாக அப்பா வாயால் நான் கேட்டதில்லை. இரண்டு கல்லுளிமங்கன்களுக்கு நடுவில் நான் ஒருத்தி மாட்டிக்கொண்டேன் என்று கணவரிடம் புலம்புவேன்.

படச் சேவையை நிறுத்துங்கள் என்று அப்பாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "இருந்துட்டுப் போகட்டும் பாப்பா" என்பார். எனக்கு நாற்பத்தொன்று, இன்னமும் பாப்பா. அவர் அரை மணி நேரம் செய்தி பார்ப்பார், பிறகு நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதருக்கு ஒரு பொத்தானைத் தேடி அழுத்தச் சோம்பலா என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை எனக்குக் கடை விடுமுறை. அப்பா வீட்டுக்குப் போனேன். அவர் முடிவெட்டப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று அவருடைய கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சேர்வதற்கு அழைக்கிறவர்கள் வாசல் வரை வந்து கையைப் பிடிக்கிறார்கள். விலகுவதற்குத்தான் வழியே இல்லை. ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் மற்றொன்று. 'தொடர்ந்து இருக்கிறேன்' என்பது சிவப்பில் கட்டை விரல் அகலத்துக்கு இருந்தது. 'விலக வேண்டும்' என்பது சாம்பல் நிறத்தில், கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரி அளவில். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வரி தெரியாது. அதை அழுத்தினால் ஏன் விலகுகிறீர்கள் என்று ஒன்பது காரணங்கள் வந்தன. ஒன்றைத் தொட்டேன். கண்ணீர் வடிக்கிற முகம் ஒன்று வந்து, உங்களைப் பிரிய மனமில்லை என்றது. அடடா, என்ன பாசம். பிறகு மூன்று மாதம் பாதிக் கட்டணம் என்று பேரம். அதையும் தள்ளினேன். 'ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலுங்கள்' என்று சொல்லி, ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. நான்காவது முறையும் அதே கதை ஆனதும் உதவி எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன்.

நாற்பது நிமிடம் ஒரே பாட்டு. நடுநடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல். நான் விடுவேனா? ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அப்பாவின் சட்டைகளை மடித்தேன், பாத்திரம் கழுவினேன். கடைசியில் ஒரு இளம்பெண் எடுத்தாள். பணிவான பிள்ளைதான். ஆனால் விலகாமல் தடுப்பதுதான் அவள் வேலை என்பது இரண்டு வாக்கியத்தில் புரிந்தது. அப்பாவின் பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். ரகசியக் கேள்வி, மனைவி பெயர் என்றாள். அம்மாவின் பெயரைச் சொன்னேன். ரொம்ப நாளாக அதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

"ஒரு நிமிஷம் மேடம். இப்பகூட ஒரு டிவில படம் ஓடிக்கிட்டிருக்கே. உங்க வீட்டாளுங்கதானே?"

திரும்பிப் பார்த்தேன். எங்கள் டிவி அணைந்து கிடந்தது. மாடித் தம்பதி வீட்டைக் காலி செய்துகொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. போன இடத்திலும் ஓசியில் உட்கார்ந்து பார்க்கிறார்களா என்று எனக்கு வயிறு எரிந்தது.

"எங்க வீட்ல யாரும் பாக்கல. யாரோ ஓசில பாக்குறாங்க."

"மாசக் கடைசி வரைக்கும் விட்டு வெக்கலாம் மேடம். பணம் கட்டியாச்சே."

"ஒரு நிமிஷம்கூட வேணாம். படம் ஓடிக்கிட்டிருக்கும்போதே நிறுத்துங்க. பாஸ்வேர்டையும் மாத்துங்க. இருக்கிறதெல்லாம் அழிச்சிடுங்க."

"பாக்குறவங்களுக்குத் திரையில ஒரு அறிவிப்பு போகும் மேடம். கணக்கின் உரிமையாளர் உங்களை நீக்கிவிட்டார்னு."

"நல்லாப் போகட்டும்."

மணி மூன்றரை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் டீ போட்டேன். அந்த மாடிப் பெண்ணின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கழுத்தில் பவுடரோடு வந்து சேர்ந்தார். டீயைக் கையில் கொடுத்து, நடந்ததை நடித்தே காட்டினேன். பாட்டு, பேரம், அழுமூஞ்சி எல்லாம். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"படம் ஓடிக்கிட்டிருந்துதா?"

"ஆமா. யாரோ பாத்துக்கிட்டிருந்திருக்காங்க."

"என்ன படம்?"

"அதெல்லாம் நான் எதுக்குக் கேக்கப்போறேன்?"

அப்பா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். முடி வெட்டின தலை சின்னதாகத் தெரிந்தது. "அது சுண்டு பாப்பா" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தபடி சொன்னார். அம்மா கடைசியாகப் பார்த்த படம் ஒன்று பாதியில் நின்றுபோயிருந்தது. டிவியில் 'பாதியில் விட்டவை' என்று ஒரு வரிசை இருக்கும். பார்த்தவரைக்கும் படத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். அம்மாவின் கோட்டைப் பார்க்க அப்பா தினமும் காலையில் டிவியைப் போடுவாராம். பார்த்துவிட்டு அணைத்துவிடுவாராம். மீதியைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அம்மா இறந்து சரியாக ஒரு வருடம் ஆன தேதிக்கு மறுநாள் டிவியைப் போட்டால், கோடு கடைசிவரை ஓடியிருந்தது. அந்தப் படம் முடிந்திருந்தது.

"அத வேற யாரு பாப்பா முடிப்பா?" என்றார்.

அன்றிலிருந்து அந்த வரிசைதான் அவருக்குக் கடிதம். பகலில் பார்க்கிறான் என்றால் ராத்திரி வேலைக்குப் போகிறான். ஒரே நாளில் இரண்டு படம் என்றால் அன்றைக்கு விடுமுறை. "காய்ச்சல் வந்தா சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு கார்ட்டூன்தானே. போன மாசம் நாலு நாள் கார்ட்டூனாவே இருந்துது. எனக்கு சோறு எறங்கல. அஞ்சாம் நாள் சண்டைப் படம் வந்துது. சரி, தேறிட்டான்னு நினைச்சேன்."

பிறகு அவரும் ஒரு படத்தைப் போட்டுப் பாதியில் நிறுத்திவைத்துப் பார்த்தாராம். இரண்டு நாளில் கோடு முழுதாகியிருந்தது. இன்னொன்று வைத்தார். அதையும் முடித்துவைத்தான். மூன்று வருடமாக அப்பா பாதி, தம்பி மீதி.

"என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ உடனே ஆளைத் தேடிக் கெளம்புவே. அவன் உஷாராயி இதையும் விட்டுட்டா? லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவன்கிட்ட நான் ரொம்பப் பேசமாட்டேன். வெளிய ஆள் நிக்குதுன்னு தெரிஞ்சா அவனுக்குப் போதும்."

அவர் காலடியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நிறுத்தும்போது அவனுக்குத் திரையில என்ன வந்திருக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். கட்டணம் முடிந்துவிட்டது என்று ஏதாவது. வாய் வரவில்லை. இருந்ததைச் சொன்னேன்.

"உரிமையாளர்னா நான்தானே?"

"ஆமாப்பா."

"ரெண்டாவது தடவை" என்றார் அப்பா.

நான் அழுதேன். நல்லாப் போகட்டும் என்று சொன்ன என் வாயை யாராவது தைத்திருக்கக் கூடாதா என்று அழுதேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி அழைத்தேன். இந்த முறை வேறொரு பெண். அழித்தது அழித்ததுதான் மேடம் என்றாள். அந்த டிவி எந்த ஊரில் இருந்தது என்று மட்டும் சொல்லம்மா, என் தம்பி அது, என்று கெஞ்சினேன். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "தெரிஞ்சாலும் நாங்க சொல்லக் கூடாதுங்க. மன்னிச்சுக்குங்க" என்றாள். திரும்பச் சேர்வதற்கு மட்டும் ஒரே ஒரு பொத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய கடவுச்சொல்லையே வைத்தேன், அம்மாவின் பிறந்த நாள். 'மீண்டும் வந்ததில் மகிழ்ச்சி' என்றது திரை. வரிசை வெறுமையாக இருந்தது.

கணக்கைத் திறந்ததற்கான மின்னஞ்சலைத் தேடும்போதுதான் அதற்குக் கீழே இருந்த மூன்றைப் பார்த்தேன். தவறான கடவுச்சொல்லுடன் யாரோ உங்கள் கணக்கில் நுழைய முயன்றார்கள் என்று மூன்றிலும் ஒரே வாசகம். மூன்று முப்பத்திநாலு. மூன்று முப்பத்தைந்து. மூன்று நாற்பத்தொன்று. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரத்தை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"கடைசி தடவைக்கு முன்னாடி ஆறு நிமிஷம் யோசிச்சிருக்கான்" என்றார்.

கணக்கில் 'வீடு' என்று இருக்கிற பெயரை எடுத்துவிட்டு, 'சுண்டு, வந்துடுடா' என்று போட்டுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். "மொதல்ல உள்ள வரட்டும்."

ரிமோட்டை வாங்கிக்கொண்டு நிதானமாகத் தேடினார். ஒரு பழைய நகைச்சுவைப் படத்தைப் போட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். படத்தில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். சமையல்காரன் வேஷத்தில் ஒருவன் மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறத் தொடங்கினான். அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இதுக்கப்புறம்தான் அவன் சிரிப்பான்" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டைத் துடைத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

வரிசையில் இப்போது ஒரே ஒரு படம் இருந்தது. அதன் கீழே சிவப்புக் கோடு பாதிவரை வந்து நின்றது.