ஒரே ஒரு அட்டைப்பெட்டி

அவர் ஊர் ஊராகக் கிளப் மாறிக் கால்பந்து ஆடினார். ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டியவள் மனைவிதான். கல்லூரியில் பயிற்சியாளர் ஆனதும், "இனி இங்கதான்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

வருஷம் திரும்பவில்லை. மைதானத்திலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல், "வேற காலேஜ்ல கூப்பிட்டாங்க, வர்றேன்னு சொல்லிட்டேன். அட்டைப்பெட்டியெல்லாம் எங்க?" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பழைய பேப்பர் கடையில போட்டுட்டேன். யார் எங்க நிக்கிறாங்கன்னு பாத்துத்தான் பந்தக் குடுப்பீங்களாம், ஊரே மெச்சுது. வீட்டுல நானும் மகளும் எங்க நிக்கிறோம்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

"அப்ப சாமான எதுல கட்டுறது?"

பரணிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து அவர் காலடியில் போட்டாள்.

"ஒண்ணு வச்சிருக்கேன். உங்க துணிமணிக்கு அது போதும்."