பஃபர் சரிதான் சார்

பாரதி அன்னைக்குச் சொன்னது மூணே வார்த்தை. "பஃபர் சரிதான் சார்." வாயைப் பொத்திக்கினு இருந்திருந்தா, ஆஷிக் இந்நேரம் உளுந்தூர்பேட்டையில லாரிக்கு டயர் மாட்டிக்கினு இருக்க மாட்டான்.

ரெண்டு பேரும் கள்ளக்குறிச்சியில ஒரே லேப்ல ஆராய்ச்சி பண்ணவங்க. பாரதி சீனியர். ஆஷிக் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறிப் போய் மொச்சை வாங்கியாந்து, அதுலேர்ந்து ஒரு புரதத்தைப் பிரிச்சான். அந்தப் புரதத்துல லைசின்னு ஒரு அமினோ அமிலம். அதுல ஒளிர்ற சாயத்தை ஒட்ட வைக்கணும். ஒட்டினா, செல்லுக்குள்ள புரதம் எங்க போவுதுன்னு பார்க்கலாம். எட்டு மாசம் முட்டிக்கினான். ஒருவாட்டிகூட ஒட்டலை. "கைராசியே இல்லாத பய"ன்னு கைடு சார் எல்லார் முன்னாடியும் திட்டினார்.

புரதத்தைக் கரைக்கிற பஃபர் கரைசலை மொத்த லேபுக்கும் கலந்து வைக்கிறது பாரதிதான். ஆஷிக்கும் ஒருநாள் கேட்டான், "அக்கா, இதுல இன்னா போடறீங்க?" "எப்பவும் போடறதுதான், போய் வேலையைப் பாருடா"ன்னுட்டா. அப்புறம் பஃபர்ல ஏதாச்சும் தப்பான்னு சார் கேட்டப்பவும் பட்டுனு அந்த மூணு வார்த்தை. பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கலை, பாவி. அடுத்த மாசமே ஆஷிக் ஆராய்ச்சியை விட்டுட்டு, பையைத் தூக்கிக்கினு உளுந்தூர்பேட்டைக்கே போயிட்டான்.

ரெண்டு வருஷம் கழிச்சு, போன வாரம் அவளுக்கே லைசின்ல சாயம் ஒட்டற வேலை வந்துது. சாயத்தோட வந்த தாளை அப்பதான் படிச்சா. டிரிஸ்ங்கிற ரசாயனம் கலந்த பஃபர்ல போடக்கூடாதாம்; சாயம் புரதத்தை விட்டுட்டு டிரிஸையே போய்ப் பிடிச்சுக்குமாம். அவ இத்தனை வருஷமா கலந்தது டிரிஸ்தான். அய்யோன்னு உக்காந்துட்டா.

சனிக்கிழமை பஸ் புடிச்சு ஆஷிக் வீட்டு டயர் கடைக்குப் போனா.

"தப்பு உன்து இல்லடா ஆஷிக். என் பஃபர்தான் கெடுத்துது. மன்னிச்சிடு."

அவன் சக்கரத்தை உருட்டிக்கினே கேட்டான். "சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல, மொதல்ல உன்கிட்ட…"

"என்கிட்ட சொல்லி இன்னாக்கா ஆவப்போவுது? அன்னைக்கு யார்கிட்ட சொன்னீங்களோ, அவர்கிட்ட சொல்லுங்க."

பாரதியோட ஆய்வேட்டுல கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே சார்தான். இருந்தாலும் போனை எடுத்து, அவனுக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டா. ஒண்ணு விடாம சொன்னா.

"அவன் எடத்துல வேற ஆள் சேர்த்தாச்சேம்மா. திங்கக்கிழமை வந்து என்னைப் பாரு"ன்னு சார் போனை வெச்சுட்டார்.

இதே வாய் ரெண்டு வருஷத்துக்கு முன்னால 'பார்த்துட்டு சொல்றேன் சார்'னு சொல்லியிருக்கக் கூடாதான்னு அவளுக்கு அழுகை முட்டிக்கினு வந்துது.

ஆஷிக் அவளைப் பார்க்கலை. கல்லாவுல உக்காந்திருந்த அவன் அம்மா அஸ்ரப் நிஷா பக்கம் திரும்பினான்.

"கேட்டியாம்மா? தப்பு என் கையில இல்லயாம்."

அந்தம்மா முக்காட்டை இழுத்துக் கண்ணைத் தொடைச்சுக்கினாங்க.

"நீ அன்னைக்கே சொன்னடா. நாந்தான் நம்பலை."