கோளத்துக்குள் மினுங்கிய விளக்கு

பிரேசிலின் கம்பினாஸில் எங்கள் இயற்பியல் துறையிலேயே நிலைகொள்ளாதவள் ஜுல்மிரா. மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளவும் இழுக்கவும் நடுவில் புலம் என்று ஒன்று தேவையில்லை, அவற்றுக்கு இடையிலான தூரமும் அது மாறும் விதமும் போதும் என்ற, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் வெபரின் பழைய விதியை நம்பியவள். அவள் கணவன் ஒடாயிர் அதே துறையில் புலக் கொள்கைப் பாடம் நடத்துபவன். "செத்துப்போன ஜெர்மன்காரர் இன்னிக்கு என்ன சொல்றாரு?" என்று சாப்பிடும்போது சீண்டுவான்.

உலோகம் பூசிய கண்ணாடிக் கோளத்துக்குள் ஒரு நியான் விளக்கை மினுங்கவிட்டிருந்தாள். கோளத்தில் எவ்வளவு மின்னூட்டம் ஏற்றினாலும் உள்ளே ஒன்றும் மாறாது என்பது பாடப்புத்தகம். உள்ளே ஓடும் எலக்ட்ரானின் நிறையே மாறியதுபோல் இருக்கும், மினுங்கும் வேகமும் மாறும் என்பது வெபர் கணக்கு.

ஆகஸ்டில் ஒரு காலை, வேகம் கூடியது.

ஒடாயிர் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு நேரே துறைத்தலைவரிடம் ஓடினான். மதியக் கருத்தரங்கில் அறிவிப்பது என்று முடிவாயிற்று. யாரோ சுடச்சுடச் சீஸ் ரொட்டி வாங்கி வந்தார்கள். ஜுல்மிரா தன் பங்கைத் தொடாமல் கோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோளத்தில் ஏற்றியது நேர்மின்னூட்டம். வெபர் கணக்குப்படி, எதிர்மின்னூட்டம் ஏற்றினால் வேகம் குறைய வேண்டும். அதை அவள் இன்னும் செய்து பார்க்கவில்லை.

எல்லோரும் போனதும் மாற்றி ஏற்றினாள். வேகம் குறையவில்லை. மறுபடியும் கூடியது. இது வெபர் சொன்ன மாற்றம் இல்லை, கோளத்துக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கம்பிதான் விளக்கைத் தொந்தரவு செய்கிறது என்று புரிந்துபோயிற்று.

ஒடாயிரிடம் சொன்னாள். அவன் முகம் தொங்கிவிட்டது.

"இன்னிக்கு ஒருநாள் விட்டுடு, ஜு. இத்தன வருஷத்துல இப்பத்தான் உன் பக்கம் வந்திருக்கேன்."

"நீ என் பக்கம் வரல. விளக்கு பக்கம் வந்த. அது தப்பாக் காட்டுது."

அரங்கில் நின்று நடந்ததை அப்படியே சொன்னாள். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அப்படியானால் வெபர் தோற்றார்தானே என்று துறைத்தலைவர் கேட்டார்.

"தோக்கல சார். அவர்கிட்ட நான் இன்னும் சரியாக் கேக்கவே இல்ல."

மறுநாள் கம்பியை மறைக்கச் செம்புத்தகடு வெட்டிக்கொண்டு வந்தவன் ஒடாயிர்தான். மறைத்ததும் எந்த மின்னூட்டத்துக்கும் வேகம் அசையவில்லை. அதை இருவர் பெயரிலும் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். மாற்றம் மிகச் சிறியதாக இருந்தால் இந்தக் கருவிக்குத் தெரியாது என்ற கடைசி வரி ஜுல்மிராவுடையது. இன்னும் உயர்ந்த மின்னழுத்தம் தாங்கும் கோளம் செய்துதர இப்போது ஆள் தேடி அலைகிறாள்.