வலது இருக்கை

சக்கர நாற்காலியின் முன்சக்கரம் ஒன்று நேராக உருள மறுத்து அடம்பிடித்தது. விமானத்தின் வாசல்வரை நீளும் கூண்டுப் பாதையில், இடுப்பால் முட்டுக்கொடுத்து அதைத் தள்ளிக்கொண்டு போனாள் அவள். நாற்காலியில் இருந்த பயணி, வயதான ஒரு பெரியம்மா, நல்ல கனம். மடியில் ஒரு கைப்பை, கைப்பைமேல் சுருட்டிய போர்வை, போர்வைமேல் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

"மெதுவாவே போ கண்ணு. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றார் பெரியம்மா. "ஆமா, நீ என்ன படிச்சிருக்கே?"

"விமானம் ஓட்டப் படிச்சிருக்கேன்மா."

பெரியம்மா தோள் குலுங்கச் சிரித்தார். "நல்ல வாய்டி உனக்கு. அப்புறம் ஏன் இதை ஓட்டிட்டிருக்கே? போய் அதை ஓட்ட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா ஓட்டுவேன்மா."

விமான வாசலில் பெரியம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பிவிட்டு, காலி நாற்காலியோடு ஒரு நிமிடம் நின்றாள். விமானிகள் அறையின் கதவு திறந்திருந்தது. துணை விமானிக்கான வலது இருக்கையில் இருந்தவன் அவள் வயதுக்காரன்தான். ஒரு கையில் காபிக் கோப்பை, மறுகையால் தலைக்குமேல் இருந்த விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தான். அடுத்து எதைத் தட்டப்போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் விரல்களும் நாற்காலிக் கைப்பிடிமேல் அதே வரிசையில் அசைந்தன.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள் பணிப்பெண்.

பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் மிளகு. ஆள் சின்னது, கோபம் பெரியது என்பதால். அவளோடு ஒரே நாளில் உரிமம் வாங்கியவனுக்கு ஒட்டகம் என்று பெயர். கழுத்தும் கால்களும் நீளம். பயிற்சி விமானத்தில் ஏறும்போதெல்லாம் தலையை இடித்துக்கொள்வான். இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே விமானத்திடம் மன்னிப்பும் கேட்பான். பெரிய நிறுவனங்கள் அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுத்தன. எடுத்தால்தானே அனுபவம் வரும்? இருவரும் கால் தேயத் தேய அலைந்தார்கள். கடைசியில் சரக்கு விமானங்கள் மூன்றே வைத்திருந்த ஒரு சின்ன நிறுவனம் ஒட்டகத்தைத் துணை விமானியாக எடுத்துக்கொண்டது.

அன்று அவள் அவனுக்குக் கைகொடுத்தாள், முதுகில் ஓங்கி ஒரு அடியும் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வீடு என்றால் அம்மாவின் தையல் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. முன்பு மாடியும் அவர்களுடையதுதான். அவள் படிப்புக்காக மாடி போனது. இப்போது மாடியில் வேறு யாரோ நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா தையல் இயந்திரத்தைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தபோது ஊழியர் வாசலில் ஒட்டகம் நின்றிருந்தான். கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன.

"என்னடா, நரிக்கு நாட்டாமை கிடைச்ச மாதிரி திரிஞ்சே, இப்ப மூஞ்சி இப்படிக் கிடக்கு?"

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

சுவரோரமாக உட்கார்ந்து சொன்னான். இறங்கியதும் சரக்கை மாற்றுவார்கள், உடனே திரும்ப ஏற வேண்டும். தூக்கம் என்பது சரக்கு வண்டியின் முன்சீட்டில் போடும் குட்டித் தூக்கம்தான். போன வாரம் தரையிறங்கும் நேரத்தில், ஓடுபாதை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போதே, ஒரு கணம் தூங்கிவிட்டான். கேப்டனும் அரைத்தூக்கம். சக்கரம் தரையில் மோதிய சத்தத்தில்தான் இருவரும் முழுதாக விழித்தார்கள். மறுநாள் காலை மேலாளரிடம் போய், தூங்கி எழாமல் ஏற மாட்டேன் என்றான். அப்படியானால் இனி ஏறவே வேண்டாம் என்று அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

"மத்தவங்க?"

"மத்த மூணு துணை விமானிங்களும் நின்னுட்டாங்க. என்னைத் திரும்ப எடுத்து, ஓய்வு நேரத்தையும் ஒழுங்கு பண்ற வரைக்கும் ஏற மாட்டோம்னு சொல்லிட்டாங்க. இப்ப கேப்டன்களே ஜோடி போட்டு ஓட்டறாங்க. ரொம்ப நாள் தாங்காது. ஒரு வாரம், மிஞ்சினா பத்து நாள், மேலாளர் இறங்கி வந்துதான் ஆகணும்." அவன் செருப்பு நுனியால் மண்ணைக் கீறினான். "உன்னைக் கூப்பிடுவாங்க மிளகு. நான் சேர்ந்தப்பவே உன் பேரைச் சொல்லி வச்சிருந்தேன், அடுத்த இடம் வந்தா உனக்குன்னு."

"கூப்பிட்டா?"

"கொஞ்ச நாள் தள்ளிப் போடு. அவ்வளவுதான் கேக்கறேன். புதுசா ஒரு ஆள் உள்ள போயிட்டா எல்லாம் உடைஞ்சிடும்."

"போடா லூசு. இதைக் கேக்க இவ்வளவு தூரம் வந்தியா? என்னைப் பத்தி அவ்வளவுதான் தெரிஞ்சுதா உனக்கு?" என்று உண்மையாகவே கோபித்துக்கொண்டாள். அவன் சிரித்தான். இருவரும் தேநீர் குடித்தார்கள்.

திங்கட்கிழமை அழைப்பு வந்தது. வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார்கள். பேசுவதில் என்ன இருக்கிறது, நேரில் போய் மறுத்துவிட்டு வந்தால் ஒட்டகத்துக்கு இன்னும் பலம்தானே என்று பேருந்தில் போகும்போது நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்று காலை அவள் உரிமத்தையும் சான்றிதழ்களையும் பையில் எடுத்து வைத்திருந்தாள். எதற்காக எடுத்து வைத்தாள் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மேலாளர் அறைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு. அதில் ஓர் இளைஞன் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தான். கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். காலணியில் முகம் பார்க்கலாம். அவளைப் பார்த்ததும் எதற்கோ எழுந்து நின்று, புன்னகைத்து, மறுபடியும் உட்கார்ந்தான்.

மேலாளர் சத்தம் போடும் ஆள் இல்லை. அவளுக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். "உங்க சிநேகிதன் நல்ல பையன்தான்மா. கொஞ்சம் பூஞ்சை. இந்தத் தொழில்ல ஆரம்பத்துல முதுகு ஒடியத்தான் செய்யும். நானும் அப்படித்தான் வந்தேன்" என்றார். "நாளைக்கே சேரணும். இந்த ரக விமானத்துக்கு உங்களுக்குத் தனிப் பயிற்சி இருக்கு, அதனாலதான் முதல்ல கூப்பிட்டேன். மத்தப் பழக்கமெல்லாம் கேப்டன் பறக்கும்போதே சொல்லிக் குடுப்பார்."

"அடுத்த வாரம் வந்து சேர்ந்தா..."

"வெளிய ஒரு தம்பி உக்காந்திருக்கார், பார்த்தீங்கள்ல? உங்களுக்கு முடியாதுன்னா ஒண்ணுமில்லை. அவரை உள்ள வரச் சொல்லிட்டுப் போங்க, போதும்."

கதவில் பதித்திருந்த சொரசொரப்பான கண்ணாடி வழியே அந்த இளைஞனின் உருவம் கலங்கலாகத் தெரிந்தது. கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். தான் மறுத்தாலும் அந்த இருக்கை காலியாக இருக்கப் போவதில்லை. அதுவரை அவள் மனத்தில் மூடியிருந்த ஏதோ ஒன்று அந்த எண்ணத்தில் சட்டென்று திறந்துகொண்டது. எவ்வளவு சுலபமாகத் திறந்தது என்பதுதான் பிறகு அவளை உறுத்தியது.

"சேர்ந்துக்கறேன் சார்."

வெளியே வந்தபோது அந்த இளைஞன் மீண்டும் எழுந்து நின்றான். அவள் அவனைப் பார்க்காமல் நடந்தாள்.

புதுச் சீருடை தைத்து வரும்வரை இதைப் போட்டுக்கொள் என்று கிடங்கில் ஒரு வெள்ளைச் சட்டையும் தோளில் மாட்டும் பட்டைகளும் கொடுத்தார்கள். சட்டை அவள் முழங்காலைத் தொட்டது. அம்மாவிடம் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மா அவள் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினாள். வாடிக்கையாளர் ஒருவர் நிற்பதைக்கூட மறந்து சிரித்தாள். பிறகு சட்டையை மேசையில் விரித்து, அளவுநாடாவை எடுத்து, சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"இது என் தையல்" என்றாள்.

மிளகு அளவுநாடாவின் நுனியைச் சுருட்டினாள்.

"அந்த நெட்டைப் பையன் சேர்ந்த புதுசுல, கை எட்டலைன்னு இங்க வந்து நீளம் வச்சிட்டுப் போனானே. உள்பக்கம் துணி வச்சுத் தச்சது நான்தான்." அம்மா நிமிர்ந்தாள். "அவன் வேலை என்னாச்சு?"

"நின்னுட்டான்மா."

"நின்னானா, நிறுத்தினாங்களா?"

"நிறுத்திட்டாங்க."

"நீ அங்க போறது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் போட்ட தையலைத் தானே பிளேடால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். பிரித்து, வெட்டி, தோளைக் குறுக்கி, இடுப்பை ஒடுக்கிக் கொடுத்தாள். சட்டை அவளுக்கென்றே எடுத்ததுபோல் பொருந்தியது. அம்மா அதை இஸ்திரி போடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை ஒட்டகத்தின் எண்ணைத் தொலைபேசியில் எடுத்து எடுத்து வைத்தாள். என்னவென்று ஆரம்பிப்பது? கடைசியில் ஆரம்பிக்கவே இல்லை.

மறுநாள் சரக்கு முனையத்தின் வாசலில் அவர்கள் நின்றிருந்தார்கள். ஒட்டகமும் வேறு இருவரும். சாதாரண உடையில், கைகளைக் கட்டிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒருவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவன், "வாங்க கேப்டனம்மா" என்றான். ஒட்டகம் அவன் கையைத் தொட்டு அடக்கினான்.

அவள் நின்றாள். ஒட்டகத்தின் பார்வை அவள் சட்டைமேல் போய், தோளிலும் கையிலும் ஒரு நொடி தங்கி, விலகியது.

"எந்த வண்டி குடுத்திருக்காங்க? வால்ல நீலக் கோடு போட்டதா?" என்று கேட்டான்.

அவள் தலையசைத்தாள்.

"அதுல வலது பிரேக் கொஞ்சம் தாமதமாத்தான் பிடிக்கும். தரையில இறங்கினதும் இழுக்கும். முன்கூட்டியே மெல்ல மிதி. எழுதிக் குடுத்தாச்சு, இன்னும் பார்க்கலை."

அவன் திட்டியிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. உனக்குக் கிடைத்த அந்த ஒரு வாய்ப்புக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா என்று கத்தியிருப்பாள். வீட்டையும் மாடியையும் பற்றி, பெஞ்சில் காத்திருந்தவனைப் பற்றியெல்லாம் சொல்லியிருப்பாள்.

"சரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைய சரக்கு கோழிக்குஞ்சுகள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளை விமானிகள் இருக்கைக்குப் பின்னால் கூரைவரை அடுக்கி வலைபோட்டுக் கட்டியிருந்தார்கள். கதவை மூடியதும் அறை முழுக்கக் கீச்சுக் குரல். வலது இருக்கை பின்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிக் கிடந்தது. அவள் நெம்புகோலைப் பிடித்து அதை முன்னால் இழுத்தாள். இன்னும் இழுத்தாள். பிறகுதான் கால் மிதிகட்டையைத் தொட்டது.

கேப்டனுக்கு அவள் அப்பா இருந்திருந்தால் வந்திருக்கும் வயது. தாடியை மழிக்கவில்லை. ஆனால் குரலில் கனிவு இருந்தது. சரிபார்ப்புகளை அவளே சொல்லும்படி விட்டார், தவறிய ஒன்றை மட்டும் விரலால் காட்டினார். "நீயே ஏத்தும்மா" என்றார். இயந்திரங்கள் இரைந்தன, ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, பிறகு சக்கரங்களின் அதிர்வு நின்றது. அவளையும் மீறி அவள் முகம் மலர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறதே என்று அந்தக் கணத்திலேயே கூசினாள்.

மேகத்துக்கு மேலே வந்ததும் கேப்டன் இருக்கைவாரைத் தளர்த்தினார்.

"நல்ல கை உனக்கு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போயிருந்தா மேலாளர் ஒத்துக்கிட்டிருப்பார், பார்த்துக்கோ. எங்களாலயும் முடியல, சரக்குக்காரங்களும் கத்த ஆரம்பிச்சிட்டாங்க. நீ வர்றேன்னு கேள்விப்பட்டதும் ஒருத்தன் நேத்தே திரும்ப வந்துட்டான். வாசல்ல நிக்கிற மத்த ரெண்டு பேரும் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாங்க."

"அவன்?" என்று கேட்டாள்.

"யாரு, அந்த நெட்டைப் பையனா? அவனை இனி எடுக்க மாட்டாங்கம்மா." அவர் கண்களைக் கசக்கினார். "கடைசியா எப்பப் படுத்தேன்னே நினைவில்லை. நீ வந்தது எனக்கு நல்லதாப் போச்சு. கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன். ஆத்தைத் தாண்டினதும் எழுப்பு."

"சார், நான் இன்னிக்குத்தான் முதல்..."

அதற்குள் அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது.

அவள் இரண்டு கைகளாலும் கட்டுப்பாட்டுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. காதுக்கருவியில் கட்டுப்பாட்டு அறை அவர்கள் விமானத்தின் எண்ணைச் சொல்லி அழைத்தது. அவள் உயரத்தையும் திசையையும் சொன்னாள்.

"புதுக் குரலா இருக்கே" என்றது காதுக்கருவி. "முதல் பயணமா?"

"ஆமா."

"அட! வாழ்த்துகள். அதிர்ஷ்டக்காரி நீங்க, நல்ல கேப்டன்கிட்ட மாட்டியிருக்கீங்க. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க."

அவள் இடப்பக்கம் பார்த்தாள். கேப்டனின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஜன்னலில் மெல்ல இடித்துக்கொண்டிருந்தது.

"சொல்றேன்" என்றாள், அவர் விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி.